எதில் அரை?

முதல் பாடத்துக்காக மூன்று நாள் உட்கார்ந்து தயாரானேன். சார்ட் அட்டையில் சப்பாத்தி அளவுக்கு நாலு வட்டங்கள் வெட்டினேன். ஒன்றை முழுசாக விட்டு, மற்றவற்றை இரண்டாக, மூன்றாக, நான்காகக் கோடு போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பங்குக்கு மஞ்சள் தீட்டினேன். பாடக்குறிப்பில் நோக்கம், துணைக்கருவி, மதிப்பீடு எல்லாவற்றையும் கட்டம் கட்டி எழுதினேன். அப்போது தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. கற்பித்தல் பயிற்சிக்கு என்னை அனுப்பிய இடம் பாபநாசம் பக்கம், வாய்க்கால் கரையில் இருந்த ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஈராசிரியர் பள்ளி அது. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகள் ஒரே அறையில் மூலைக்கொன்றாக உட்கார்ந்திருக்கும். தலைமையாசிரியர்தான் எனக்கு வழிகாட்டி. ஓய்வு பெற அவருக்கு இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது. பிள்ளைகளுக்கு அவர் பெரிய டீச்சர், நான் புது மிஸ்.

நாலாம் வகுப்பில் பன்னிரண்டு பேர். வட்டத்தைக் காட்டினேன். "நாலு பங்குல ஒரு பங்கு மஞ்சள். இதை 1/4னு எழுதணும். மேல இருக்கறது தொகுதி, கீழ இருக்கறது பகுதி" என்றேன். ஐந்து படம் வரைந்து கொடுத்தேன். பன்னிரண்டு பேரும் ஐந்துக்கு ஐந்து. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பின்னால் உட்கார்ந்திருந்த பெரிய டீச்சர் எழுந்து வந்து சாக்பீஸை வாங்கிக்கொண்டார். பலகையில் நீளமாக ஒரு செவ்வகம் போட்டார். குறுக்கே மூன்று கோடு, இஷ்டத்துக்கு. முதல் துண்டு விரல் அகலம்தான் இருக்கும். கடைசித் துண்டு பாதிப் படத்தை அடைத்துக்கொண்டது. விரல் அகலத் துண்டைத் தீட்டி, "இது எவ்வளவு?" என்றார்.

"ஒண்ணு பை நாலு!" என்று பன்னிரண்டு குரலும் ஒன்றாக வந்தது.

அடுத்து ஒரு சதுரம். மூலைக்கு மூலை ஒரு கோடு, கிடைத்த இரண்டு முக்கோணத்தில் ஒன்றை மறுபடி இரண்டாக்கி இன்னொரு கோடு. வெட்டாத பெரிய முக்கோணத்தைத் தீட்டினார். அது சதுரத்தில் சரிபாதி. பிள்ளைகள் துண்டுகளை எண்ணினார்கள், மூன்று. "ஒண்ணு பை மூணு!"

கடைசியாக, "ஒரு மிட்டாயில ஒண்ணு பை மூணு வேணுமா, ஒண்ணு பை நாலு வேணுமா?" என்று கேட்டார். பத்துப் பேர் ஒண்ணு பை நாலு என்றார்கள். நாலு பெரியதாயிற்றே.

அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் பிள்ளைகள் போன பிறகு புங்க மரத்தடியில் உட்கார்ந்தபோதுதான் பேசினார்.

"அவங்க எண்ணுனாங்கம்மா. பங்கைப் பாக்கல. ஒண்ணாம் வகுப்புலேருந்து நாம எண்ணத்தானே சொல்லிக் குடுத்திருக்கோம். மேல ஒரு எண்ணு, கீழ ஒரு எண்ணு குடுத்தா அதையும் எண்ணத்தான் செய்யும். நாளையிலேருந்து எட்டு நாளைக்குப் பலகையில பின்னம்னு ஒரு எண்ணும் எழுதாத."

எட்டு நாள் எண்ணே எழுதாமல் எப்படிக் கணக்கு நடத்துவது என்று அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பயிற்சி நிறுவனத்திலிருந்து பார்வைக்கு வருகிறவர் பிள்ளைகளின் நோட்டைத்தான் முதலில் திருப்புவார். மறுநாள் காலை அதைப் பெரிய டீச்சரிடம் தயங்கிச் சொன்னேன். "நோட்டு வெறுமையா இருந்தா நான் பதில் சொல்றேன்" என்றார்.

அன்றே பழைய செய்தித்தாளை ஒரே நீளம், ஒரே அகலத்தில் கீற்றுக் கீற்றாகக் கிழித்து ஆளுக்கு ஐந்தாகக் கொடுத்தோம். வட்டத்தை அவர் தொடவே விடவில்லை. வட்டத்தை இரண்டாக்கலாம், நான்காக்கலாம். மூன்றாகவும் ஐந்தாகவும் ஒரு குழந்தையின் கையால் மடிக்க முடியுமா? கீற்றை எத்தனையாக வேண்டுமானாலும் மடிக்கலாம், ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஒப்பிடலாம், இரண்டு கீற்றை நீளவாக்கில் சேர்த்து ஒன்றுக்கு மேலும் போகலாம். சப்பாத்தியிலேயே பின்னத்தைப் படித்த பிள்ளைக்கு ஒன்றேகால் என்ற அளவும் பின்னம்தான் என்பது மனதில் ஏறக் காலமாகும் என்றார். எனக்கே அது உறைத்தது. பிளஸ் டூவில் கணிதம் எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். பின்னம் என்றால் அன்றைக்கும் என் கண்முன் வந்தது வெட்டிய ஒரு வட்டம்தான்.

கீற்றை ஒரு தரம் மடித்தார்கள். "என்னது?" "பாதி." "அரை." இன்னொரு தரம் மடித்து விரித்தார்கள். "கால்." மூன்றாவது மடிப்பில் எட்டுத் துண்டு வந்தது. இதற்கு என்ன பெயர் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. பெரிய டீச்சர் பெயரைச் சொல்லாமல் ஒரு கீற்றின் கால் பங்கைக் கையில் எடுத்து, அதை நடுவில் மடித்துக் காட்டினார்.

"இதுல என்ன செஞ்சேன்?"

"கால்ல அரை."

"சேத்துச் சொல்லு."

ஜன்னலோரம் இருந்த சிறுமிதான் முதலில் சொன்னாள். "அரை... கால். அரைக்கால்!"

அந்தச் சொல்லை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதற்குள் ஒரு பெருக்கல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன். அரைக்கால் என்றால் காலில் அரை, எட்டில் ஒன்று. முக்கால் என்றால் மூன்று கால். ஒரு கால், இரண்டு கால், மூன்று கால் என்று அடுக்கிக்கொண்டே போனால் அது தானாக வந்து நிற்கிறது. 'ஒன்றேகால்', 'இரண்டரை', 'நாலே முக்கால்' எல்லாம் கலப்புப் பின்னங்கள். கடிகாரம் பார்க்கும்போதும் பால் வாங்கும்போதும் பிள்ளைகள் இவற்றைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் அவற்றை வகுப்பு வாசலிலேயே நிறுத்திவிட்டு, 'ஒண்ணு பை நாலு' என்று யாரும் வீட்டில் பேசாத ஒரு மொழியை உள்ளே கூட்டி வந்திருந்தேன்.

அன்று மதியம் சத்துணவுக் கூடத்து அம்மாவிடம் ஒரு பழைய இரும்புப் படியும் ஆழாக்கும் வாங்கி வந்து மணலை அளந்தோம். எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆழாக்கு என்பதே அரைக்கால் படிதான். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, அது கால் படி. இரண்டு உழக்கு ஓர் உரி, அது அரைப்படி. காகிதத்தில் மடித்தது மணலில் அளந்ததோடு ஒத்துப்போனபோது மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளும் தங்கள் மூலையை விட்டு வந்துவிட்டார்கள். யாரையும் திருப்பி அனுப்பவில்லை.

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி படித்த காலத்தில் இந்தப் பெயர்கள் இன்னும் கீழே போயின. மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. பிள்ளைகள் இவற்றை வாய்ப்பாடாக ஒப்பித்தார்கள். எங்களுக்குப் பக்கத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் காலத்து நில அளவு முந்திரியோடு நிற்காது. முந்திரிக்கும் கீழே 'கீழ்' என்று ஒரு படி இறங்கி, அங்கே மறுபடி அதே பின்னங்களைச் சொல்லும். ஒரு வேலி நிலத்தில் அத்தனை நுணுக்கமாக அளந்து கணக்கு வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் பலகையில் எழுதிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் துடிப்பாக இருந்தது. பெரிய டீச்சர் அனுமதிக்கவில்லை. "பெருமைக்குச் சொல்றதை வேற நாளைக்குச் சொல்லு. புரியறதுக்கு எது இன்னும் வாயில புழங்குதோ அது போதும்" என்றார். அவர் எடுத்துக்கொண்டது நான்கே சொற்கள்: அரை, கால், அரைக்கால், முக்கால். அவர் செய்தது சரி.

அந்தப் பெயர்கள் தீர்ந்துபோகிற இடம் ஒன்று உண்டு, மூன்றில் ஒன்று. புழக்கத்தில் அதற்கென்று ஒரு தனிப் பெயர் கிடையாது. மடிப்பதும் கடினம். நடுவில் மடித்து மடித்து மூன்றுக்குப் போகவே முடியாது. மூன்றாம் நாள் ஆளுக்கொரு புதுக் கீற்றைக் கொடுத்து மூன்று சம பங்கு கேட்டோம். சிலர் நான்காக மடித்து ஒன்றைக் கிழித்துப் போட்டுவிட்டு மூன்று என்றார்கள். கிழித்துப் போட்டது யாருடைய பங்கு என்று கேட்டபோது திகைத்தார்கள். ஜன்னலோரச் சிறுமி கீற்றை இரண்டு முனையும் மாறி மாறி வரும்படி உருட்டிப் பிடித்து, ஓரம் ஓரத்தோடு சேருகிறதா என்று பார்த்து, நகர்த்தி, மறுபடி பார்த்து, இருபது நிமிஷம் அதிலேயே கிடந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. மடித்துக் காட்டப் போனேன். பெரிய டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அவ கை சமத்தைத் தேடுது. விடும்மா."

இந்தத் தொழிலில் நான் கற்றதிலேயே கடினமானது இந்த விட்டுவிடுதல்தான். உதவி செய்யத்தானே ஆசிரியராகிறோம் என்று எண்ணியிருந்தேன். அந்த இருபது நிமிஷத்தில் நான் கையை நீட்டியிருந்தால் அவளுக்கு மூன்று துண்டு கிடைத்திருக்கும். மூன்றும் சமமா என்ற கேள்வி அவளுக்குள் எழுந்தே இருக்காது.

நாலாம் நாள் நிலம் வந்தது. வேண்டுமென்றே கொண்டுவந்ததில்லை. பெரிய தாளில் அரையும் சின்னத் தாளில் அரையும் மடித்து, எது பெரிய அரை என்று பேசிக்கொண்டிருந்தோம். ஒரு பையன் எழுந்து, "மிஸ், எங்களுக்கு அரை மா இருக்கு" என்றான். உடனே பின்னாலிருந்து இன்னொருவன், "எங்க தாத்தாவுக்குக் கால் வேலி" என்றான். எது பெரியது என்று கேட்டேன். முதல் பையன், "அரைதான் பெருசு" என்று தொடங்கி, பாதியில் நின்றான். "ஆனா அவங்க வயல்தான் பெருசு, மிஸ். எங்களது ரெண்டு வரப்புதான்."

டெல்டாவில் நிலத்தை இன்னமும் மாவிலும் வேலியிலும் சொல்கிறவர்கள் உண்டு. இருபது மா ஒரு வேலி. மூன்று மா ஓர் ஏக்கர் என்று வாய்க்கணக்காகச் சொல்வார்கள், ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட். கால் வேலி என்றால் ஐந்து மா. அரை மாவைப் போலப் பத்து மடங்கு. பின்னத்தில் மா என்றால் இருபதில் ஒன்று என்று முன்பே சொன்னேன் அல்லவா, நிலத்திலும் அது வேலியில் இருபதில் ஒன்றாகவே இருக்கிறது.

பெரிய டீச்சர் தன் நாற்காலியிலிருந்தே கேட்டார். "எதுல அரை? எதுல கால்?"

"மாவுல அரை. வேலில கால்."

அன்று முதல் அந்த அறையில் யார் அரை என்றாலும் கால் என்றாலும் யாராவது ஒருவர் "எதுல?" என்று கேட்டார்கள். பிள்ளைகளே கேட்டார்கள். பின்னம் கற்பிப்பதற்கு ஒரே ஒரு கேள்வியை மட்டும் கையில் கொடுப்பேன் என்று யாராவது சொன்னால், இந்தக் கேள்வியைத்தான் கேட்டு வாங்குவேன். முழுமை எது என்று தெரியாமல் பங்குக்கு அளவே இல்லை. நான் முதல் நாள் காட்டிய நாலு சப்பாத்தியும் ஒரே அளவில் இருந்தன. அதனால் அந்தக் கேள்வி எழ வழியே இல்லாமல் போயிற்று.

ஐந்தாம் நாள் கடலை மிட்டாய். நீளக் கட்டிகளாக விற்பதுதான் வேண்டும், உருண்டை ஆகாது. நாலு பேருக்கு மூன்று கட்டி, சமமாகப் பிரிக்க வேண்டும், மிச்சம் வைக்கக் கூடாது. மூன்று குழுக்கள். ஒரு குழு ஒவ்வொரு கட்டியையும் நாலாக உடைத்து, ஆளுக்கு மூன்று துண்டு எடுத்துக்கொண்டது. இன்னொரு குழு இரண்டு கட்டியைப் பாதி பாதியாக உடைத்து ஆளுக்கு அரை கொடுத்தது. மூன்றாவது கட்டியை நாலாக்கி ஆளுக்குக் கால். மூன்றாவது குழுவில் சண்டை வந்தது. ஒருவன் உடைத்தபோது துகள் கொட்டியது, அந்தத் துகள் யாருக்கு என்று. சமம் என்ற சொல்லை அவர்கள் எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு அந்தச் சண்டையே போதும்.

"இவங்களுக்கு மூணு கால். அவங்களுக்கு அரையும் காலும். யாருக்கு அதிகம்?" என்று கேட்டேன். துண்டுகளை ஒட்டி வைத்துப் பார்த்தார்கள். அரையும் காலும் சேர்ந்தால் முக்கால். கூட்டல் என்ற பேச்சே எடுக்காமல் ஒரு கூட்டல் நடந்து முடிந்தது.

இரண்டாவது குழு செய்ததைப் போன்ற பங்கீட்டைப் பற்றிப் பின்பு பயிற்சி நிறுவன நூலகத்தில் படித்தபோது வியந்தேன். எகிப்தியர்கள் கிட்டத்தட்ட இப்படித்தான் பங்கு போட்டிருக்கிறார்கள். சுமார் 3500 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ரைண்ட் பாப்பிரஸ் சுவடியின் தொடக்கக் கணக்குகளே பத்துப் பேருக்கு ரொட்டி பிரிப்பதுதான். ஆறு ரொட்டி என்றால் ஆளுக்கு அரையும் பத்தில் ஒன்றும். முதலில் பெரிய துண்டு, மீதியில் சிறிய துண்டு. பாபநாசம் பக்கத்துப் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே அந்த வழிக்குப் போனார்கள். நெதர்லாந்தில் லேன் ஸ்ட்ரீஃப்லாண்ட் என்ற கணிதக் கல்வியாளர், மேசைக்கு மேசை எத்தனை பேர், எத்தனை பீட்சா என்ற பகிர்வுக் கணக்கிலிருந்தே பின்னப் பாடத்தைக் கட்டி எழுப்பலாம் என்று காட்டினார். அவருடைய நூல் 1991இல் வந்தது. பெரிய டீச்சர் அதைப் படித்தவர் அல்ல. முப்பது ஆண்டு பிள்ளைகளுக்கு மிட்டாய் பிரித்துக் கொடுத்தே அங்கே போய்ச் சேர்ந்தவர்.

எட்டு நாள் முடிந்தது. ஒன்பதாம் நாள் எழுதினோம். அதிலும் எனக்கு ஒரு பாடம் இருந்தது. நான் 3/4 எழுதும்போது மேலே 3, பிறகு கோடு, பிறகு 4 என்று போடுவேன். அவர் முதலில் கோடு, அடுத்துக் கீழே 4, கடைசியில் மேலே 3 என்று போட்டார். தமிழில் 'நான்கில் மூன்று' என்றுதான் சொல்கிறோம். எத்தனை பங்காக்கினோம் என்பது முதலில், எத்தனை எடுத்தோம் என்பது பிறகு. கை செய்த வேலையும் அதே வரிசைதான், மடித்த பிறகுதானே எடுக்க முடியும். சொல்லும் செயலும் எழுத்தும் ஒரே வரிசையில் வந்தபோது பிள்ளைகள் மேல் கீழ் மாற்றி எழுதுவது வெகுவாகக் குறைந்தது. இந்தக் குறியீடு நம் நாட்டிலிருந்துதான் போயிற்று. பிரம்மகுப்தர் ஏழாம் நூற்றாண்டில் மேல் ஓர் எண், கீழ் ஓர் எண் என்று கோடில்லாமல் எழுதினார். நடுக்கோடு பிறகு அரபுக் கணிதர்களின் கையில் சேர்ந்தது.

'பகுதி' என்ற சொல் மட்டும் தொல்லை கொடுத்தது. பேச்சில் பகுதி என்றால் துண்டு. தீட்டிய துண்டைக் காட்டி இதுதான் பகுதி என்று பிள்ளை சொன்னால் அது தவறு என்று எப்படிச் சொல்வது? ஆனால் பாடநூலில் கீழ் எண்ணுக்குத்தான் அந்தப் பெயர். பெரிய டீச்சர் தொகுதி, பகுதி என்ற இரண்டு சொல்லையும் இரண்டு வாரம் தள்ளிப் போட்டார். அதுவரை 'கீழ் எண்', 'மேல் எண்'. ஒரு சிறுமி, "பின்னமான சாமி சிலையைக் கும்பிடக் கூடாதுன்னு ஆயா சொல்லுச்சு, இதுவும் அதுவா?" என்று கேட்டாள். சொல் அதேதான், உடைந்தது என்று பொருள். "இது உடைஞ்சதில்ல பாப்பா, பங்கு வச்சது. எல்லாத்தையும் திரும்ப ஒட்டுனா முழுசா வரும்" என்றார் பெரிய டீச்சர். அவள் தன் கீற்றுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் வகுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக என்னிடம் விட்டார். நான் தனியாக நடத்திய முதல் பாடம் கயிறு. தாழ்வாரத்தில் தூணுக்குத் தூண் ஒரு கயிறு கட்டி, இடது கோடியில் 0, நடுவில் 1, வலது கோடியில் 2 என்று அட்டைகளைத் துணி கிளிப்பில் மாட்டினேன். அதுவரை பின்னம் அவர்களுக்கு ஒரு துண்டு. அது ஓர் எண்ணும்தான், எண்களுக்கிடையில் அதற்கு ஓர் இடம் உண்டு என்று காட்ட வேண்டும்.

1/2 அட்டையை அரை மா வைத்திருந்த பையனிடம் கொடுத்தேன். அவன் கயிற்றின் நடுவுக்கு நடந்து, 1 தொங்கிக்கொண்டிருந்த அதே இடத்தில் அதையும் மாட்டினான். தப்பு என்ற சொல் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு கேட்டேன்.

"எதுல அரை, தம்பி?"

"கயித்துல அரை, மிஸ்."

அவன் சொன்னது சரி. கயிற்றில் அரை அங்கேதான் இருக்கிறது. கேட்காமல் விட்டிருந்தால் அவனுக்குத் தெரியவில்லை என்று முடிவு கட்டியிருப்பேன். "எதுலன்னு சொல்லாம சும்மா அரைன்னு எழுதுனா, ஒண்ணுல அரைன்னு வச்சுக்கணும். அதுதான் எல்லாரும் பேசி வச்ச பேச்சு" என்றேன். அவன் 0க்கும் 1க்கும் நடுவை முழம் போட்டு அளந்து மாட்டினான். பிறகு யாரும் கேட்காமலே, "ஒன்றரை இங்க வரும்" என்று 1க்கும் 2க்கும் நடுவைத் தொட்டுக் காட்டினான்.

1/3, 1/4, 1/5, 1/6 வரிசையாக மாட்டினார்கள். மிட்டாயில் 1/4தான் வேண்டும் என்று முதல் நாள் சொன்ன அதே பிள்ளைகள், 1/4ஐ 1/3க்கு இடது பக்கம் கொண்டுபோய் மாட்டினார்கள். ஆள் கூடினால் பங்கு குறையும் என்று அவர்களே சொன்னார்கள். ஜன்னலோரச் சிறுமி கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், கீழ் எண்ணு பெருசாகப் பெருசாக சைபர்கிட்ட போய்க்கிட்டே இருக்கு. சைபரைத் தொட்டுடுமா?"

எனக்கு ஒரு நொடி மூச்சு நின்றது. கல்லூரியில் எல்லை என்று நடத்துகிறார்களே, அந்தக் கேள்வி இது. பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்டேன். "பங்கு கேட்டு ஆள் வந்துக்கிட்டே இருந்தா ஒருத்தருக்கு ஒண்ணுமே இல்லாமப் போயிடுமா?"

ரொம்ப நேரம் யோசித்தாள். "போவாது. எல்லாருக்கும் துளியாவது இருக்கும். தொடாது, மிஸ்."

அவளுக்கு அப்போது ஒன்பது வயது.

எல்லாப் பாடமும் இப்படி அமையவில்லை. பன்னிரண்டு புளியங்கொட்டையில் கால் பங்கு எவ்வளவு என்று கேட்டபோது பாதிப் பேர் நான்கு என்றார்கள். நாலில் ஒன்று என்பது நாலு கொட்டையாகிவிட்டது. நாலு தட்டில் சமமாகப் பிரித்துப் போடச் சொல்லி, ஒரு தட்டில் மூன்றுதான் இருக்கிறது என்று பார்த்த பிறகே சரியாயிற்று. மறுநாள் கேட்டால் மறுபடி நான்கு. இந்த ஒன்று மட்டும் பதினைந்து நாள் எடுத்தது.

ஐந்தாம் வகுப்பில் நான் பழைய தவறையே வேறு உருவத்தில் செய்தேன். 1/2உம் 1/3உம் கூட்டச் சொன்னால் ஒன்பது பேரில் எட்டுப் பேர் 2/5 என்று எழுதினார்கள். மேலோடு மேல், கீழோடு கீழ். உடனே குறுக்குப் பெருக்கலைப் போட்டுக் காட்டி விடையை 5/6 ஆக்கினேன். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். பெரிய டீச்சர் கயிற்றைக் கைகாட்டினார். 2/5ஐ மாட்டச் சொன்னேன். அரைக்கு இடது பக்கம் போயிற்று. "அரையோட இன்னும் கொஞ்சம் சேத்தா, அரையை விடக் கொறையுமா?" என்று கேட்டதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. அதன் பிறகு கீற்றுகளை எடுத்தோம். அரைக் கீற்றையும் மூன்றிலொரு கீற்றையும் இரண்டுக்கும் பொருந்துகிற ஒரே அளவுத் துண்டால் அளக்க வேண்டும். காலை வைத்துப் பார்த்தார்கள், அரைக்குப் பொருந்தியது, மூன்றிலொன்றுக்கு இல்லை. ஆறிலொன்று இரண்டுக்கும் பொருந்தியது. அரைக்கு மூன்று துண்டு, மூன்றிலொன்றுக்கு இரண்டு, ஆக ஐந்து துண்டு. அது தெரிந்தவனுக்கு எந்த முறையும் பிறகு மறக்காது.

இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள சிக்கல் அல்ல. அமெரிக்காவில் 1978இல் நடந்த தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் 13 வயதுப் பிள்ளைகளிடம் 12/13 + 7/8 ஏறத்தாழ எவ்வளவு என்று கேட்டு, 1, 2, 19, 21 என்ற எண்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். இரண்டுமே ஒன்றை ஒட்டிய பின்னங்கள், விடை 2. அதைச் சொன்னவர்கள் 24 சதவீதம். பாதிக்கும் மேற்பட்டவர்கள் 19 அல்லது 21 என்றார்கள். மேல் எண்களைக் கூட்டினால் 19, கீழ் எண்களைக் கூட்டினால் 21. பின்னத்தை ஓர் எண்ணாகப் பார்க்காமல், கோடு போட்டுப் பிரித்த இரண்டு எண்களாகப் பார்த்ததால் வந்தது அது. என் முதல் நாள் வகுப்பைத் தொடர்ந்து நடத்தியிருந்தால் என் பன்னிரண்டு பேரும் அங்கேதான் போய் நின்றிருப்பார்கள்.

பார்வைக்கு வந்தவர் என் மூன்றாம் வாரத்தில் வந்தார். நோட்டைத் திருப்பினார். எட்டு நாளுக்கான பக்கங்களில் எண்ணுக்குப் பதிலாக மடித்த கீற்றுகள் ஒட்டியிருந்தன. ஏன் பயிற்சிக் கணக்கு இல்லை என்று கேட்டார். பெரிய டீச்சர் பேச வாயெடுப்பதற்குள் அரை மாப் பையன், "சார், அதுல அரை இருக்கு, எதுல அரைன்னு நீங்க பாருங்க" என்று தன் நோட்டை நீட்டினான். அவர் பார்த்தார். கீற்றுகளை விரித்து, மறுபடி மடித்து, ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

பெரிய டீச்சர் பிறகு ஓய்வு பெற்றார். நான் இப்போது பள்ளி மேலாண்மைக் குழு வழியாக, வேறொரு ஒன்றியப் பள்ளியில் தற்காலிக ஆசிரியராக இருக்கிறேன். என்னோடு படித்த சிலர், பாடத்தை முடிக்க நாள் போதவில்லை, எண்ணில்லாமல் எட்டு நாள் எங்கே கொடுப்பது என்று கேட்கிறார்கள். கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன். அந்த எட்டு நாளைக் கொடுக்காதவர்கள் ஐந்தாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் எட்டு வாரம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் தோசையைப் பிட்டுக் கொடுக்கிற அம்மாக்களிடமும் அப்பாக்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை பாதி என்றால் எதில் பாதி என்று கேளுங்கள். கால் என்றால் நாலும் சமமா என்று கேளுங்கள். வேறெதுவும் சொல்லித்தர வேண்டாம்.

இந்த ஆண்டு என் நாலாம் வகுப்பில் பதினேழு பேர். பின்னம் தொடங்கி இன்று ஆறாம் நாள். இன்னும் எண் எழுதவில்லை.